மல்லாட்டை அறைக்கு ஒரு வைஃபை

சென்னை கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் செய்கிறேன். ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடும் வேலை. வேறு யார் கண்ணிலும் அவை படக்கூடாது என்பதால் கதவை மூடிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

எங்கள் வீடு திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் வழியில் இருக்கிறது. முன்கட்டு பழைய ஓட்டு வீடு, இரண்டடிச் சுவர். பின்னால் மாடி வீடு. அதற்கும் பின்னால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்கும் அறை. மோடம் முன்கட்டில் இருந்தது, என் அறை பின்மாடியில். மீட்டிங் நடுவே என் லைன் அறுந்து அறுந்து போனதில் மேனேஜர் பொறுமையிழந்தார். "நெட்டைச் சரி பண்ணுங்க, இல்லேன்னா ஆபீசுக்கு வந்துடுங்க" என்றார். என் கணவருக்குச் சென்னையில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். வீட்டில் நானும், அவருடைய அண்ணனும், அண்ணன் மனைவியும். அவர்களை மாமா, அக்கா என்று கூப்பிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா என்னை பைக்கில் திண்டிவனம் கடைக்கு அழைத்துப்போனார். வீடு முழுக்க ஒரே வைஃபை எடுக்க, இரண்டு மூன்று டப்பாக்களை அங்கங்கே வைக்கும் மெஷ் வேண்டும் என்றேன். "மூணு வெச்சா வயல் வரைக்கும் எடுக்கும்மா" என்றார் கடைக்காரர். சுவர் எப்படி, மாடி எங்கே என்று ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரவில்லை. அதைவிட, மாமா கேட்ட கேள்விதான் என்னை உறுத்தியது.

"இதுல யார் யார் போனு சேர்ந்திருக்குன்னு பாக்கலாமா?"

"எந்த போனு, எந்நேரம், எந்த டப்பாகிட்ட இருக்குது, எல்லாம் ஆப்புல வந்துடும் சார்."

"அது ஒருத்தர் போன்ல மட்டும்தான வரும்?"

கதவை மூடிக்கினு அப்படி இன்னா வேலை என்று மாமா முன்பே இரண்டு முறை என்னைக் கேட்டிருக்கிறார். என்னைக் கண்காணிக்கத்தான் இது என்று அங்கேயே முடிவுகட்டினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் தனியாக விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே கடையில் இருந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு காகிதத்தில் எங்கள் வீட்டை வரையச் சொன்னாள். "ரெண்டு போதுங்க. ஆனா முன்கட்டுலேர்ந்து மாடிக்கு ஒயர் இழுத்துடுங்க. ரெண்டடிச் சுவத்த சிக்னல் தாண்டாது." அட்டைப்பெட்டியின் டேப் ஏற்கெனவே அறுந்திருந்ததைப் பார்த்தேன், கேட்டேன். "ஒருத்தர் வாங்கினு போயி திருப்பிக் குடுத்தது. புதுசு வேணும்னா ரெண்டு நாள் ஆவும்" என்றாள். நான் கேட்காவிட்டால் சொல்லியிருப்பாளா என்பது இன்றும் எனக்குத் தெரியாது.

வீட்டில் இரண்டு போதுமாம் என்றபோது மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "மூணா வாங்கும்மா. மல்லாட்டை ரூமுல ஒண்ணு வைக்கணும். மோட்டாரை போன்லயே போடலாம்னு பாக்கறேன்." எங்கள் வயல் மோட்டாரின் ஸ்டார்ட்டரை மாற்றுவதாக அதுவரை யாரும் பேசியதில்லை. அந்த அறையில் மூட்டையையும் எலியையும் தவிர ஒன்றும் கிடையாது. இருந்தாலும் புதிதாக மூன்றாகவே வாங்கி, எலக்ட்ரீஷியனை வைத்து ஒயர் இழுத்தேன்.

"ஆப்ப என் போன்ல போட்டுக்கலாம், வீட்டுக்குப் பெரியவன் நான் இருக்கேன்ல" என்றார் மாமா.

"என் போன்ல போட்டுட்டேன் மாமா."

அவர் முகம் சுண்டிப்போனது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

நான்காம் நாள், ஆப்பில் வரும் பட்டியலில் எனக்குத் தெரியாத போன் ஒன்று சேர்ந்தது. காலை பத்தரைக்கு மல்லாட்டை அறை டப்பாவில் வந்து ஒரு மணிக்குப் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. மாமா எட்டரைக்கே பைக்கில் புதுச்சேரிப் பக்கம் தான் வேலை செய்யும் ஃபேக்டரிக்குப் போயிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர்களா என்று பாஸ்வேர்டை மாற்றினேன். சாயங்காலம் மாமா வந்து புதிய பாஸ்வேர்டைக் கேட்டார், கொடுத்தேன். மறுநாள் பத்தரைக்கு அந்த போன் மறுபடி வந்தது. அப்படியானால் அவர்தான் யாருக்கோ கொடுத்திருக்கிறார். அது ஒரு பெண்ணாகத்தான் இருக்கும் என்று என் மனம் ஓடியது. அக்கா அப்போது சமையல்கட்டில் கேப்பைக் களி கிளறிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கொல்லைப்பக்கமாகப் போனேன். வைக்கோல் போருக்குப் பின்னால் மாமாவின் பைக் நின்றது. அறைக்கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே மாமா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. எதிர் மூட்டையில் சாய்த்து வைத்திருந்த ஒரு பழைய போனைப் பார்த்து, "ஐ ஹாவ் நைன்டீன் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் சார்" என்றார். மனப்பாடம் செய்தது போல இருந்தது. அவர் பேசி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"ரெண்டு மாசமாச்சிம்மா. ஆளைக் குறைக்கிறோம்னு நிறுத்திட்டாங்க. அவளுக்குத் தெரியாது. மயிலம் மலையடிவாரத்துல குந்திக்கினு இன்டர்வியூ பேசிப் பாத்தேன், காத்துல ஒண்ணுமே கேக்கல."

"அதுக்குத்தான் ஆப்ப கேட்டீங்களா?"

"நான் இங்க இருக்கிறது தெரிஞ்சிடும்ல. அதான் இந்தப் பழைய போனு."

வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். அன்று சாயங்காலமே அந்த அறையின் வாசற்படியோரம் இருந்த டப்பாவை உள்ளே, அவர் உட்காரும் மூட்டைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து விழுப்புரம் பைபாஸ் பக்கம் ஒரு குடோனில் அவருக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. அதன் பிறகுதான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மறுநாள் துவைத்த துணியோடு என் அறைக்கு அக்கா வந்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"மூணு வாரமா."

"எப்படித் தெரிஞ்சுது?"

ஆப்பைத் திறந்து காட்டினேன். பட்டியலில் ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் பார்த்தாள்.

"இது நானா?"

"ஆமாக்கா."

"நான் கொல்லையில இருந்தாலும் இதுல தெரியுமா?"

"எந்த டப்பாகிட்ட இருக்கீங்கன்னு தெரியும்."

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். நான் அவசரமாக, "உங்க போன்லயே இதப் போட்டுக் குடுத்துடறேன்க்கா" என்றேன்.

"வாணாம். எனக்கு யாரையும் பாக்க வாணாம்" என்று துணியை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள்.

என்னோடு முன்போலத்தான் பேசுகிறாள், சிரிக்கிறாள். அவள் போன் மட்டும் அன்றைக்குப் பிறகு அந்தப் பட்டியலில் சேரவில்லை. கண்டாச்சிபுரத்திலிருந்து அவள் தங்கை வீடியோ காலில் கூப்பிட்டால், வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காத அந்த போனோடு தெருவுக்குப் போய் வெயிலில் நின்று பேசுகிறாள்.