பல் டாக்டர் பார்த்த ஸ்டியரிங்

தேங்காய் லாரியில் லோடு ஏறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. “தஞ்சாவூர் பல் டாக்டர் காலைல தவறிட்டாருங்க” என்றார் பழைய கார் சங்கத்துச் செயலாளர். லோடை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியெல்லாம் என்மேல்தான் எனக்குக் கோபம்.

டாக்டர் கோதண்டராமனைப் பல்லுக்காகத் தேடிப் போனவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். எங்களைப் போன்ற பழைய கார் பைத்தியங்கள் போனது ஸ்டியரிங்குக்காக. அந்தக் காலத்துப் பெரிய கார்களுக்குக் கம்பெனியே இரண்டு மூன்று வகை ஸ்டியரிங் கொடுத்திருக்கும். வாங்குகிறவர் தனக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்கலாம். வண்டியில் இப்போது இருப்பது அப்படி வந்ததா, பிறகு மாட்டியதா என்று சொல்ல டாக்டரை விட்டால் ஆளில்லை. பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை ஸ்டியரிங்கின் பின்னால் நுழைத்து, அங்கே வார்த்திருக்கும் எண்ணைப் படிப்பார். கூடவே வந்தது என்றால் ‘சொந்தப் பல்லு’. மாற்றியது என்றால் ‘கட்டுன பல்லு’.

திருவையாற்றில் ஒருவர், வெடித்துப்போன ஸ்டியரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பளபளவென்று புதிதாக மாட்டவிருந்தார். டாக்டர் பதறிவிட்டார். “வெடிச்சாலும் சொந்தப் பல்லுங்க. பிடுங்கிடாதீங்க” என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பல் அடைக்கிற பொறுமையோடு அந்த வெடிப்பை அவரே அடைத்துக் கொடுத்தார்.

தஞ்சாவூரில் நடந்த பழைய கார் கண்காட்சிக்கு என் அப்பாவின் காரைக் கொண்டுபோயிருந்தேன். தந்தநிற ஸ்டியரிங். முதல் பரிசு எனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். டாக்டர் கண்ணாடியை நுழைத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், இது கட்டுன பல்லு. வெள்ளையும் கம்பெனி குடுத்ததுதான். ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு வந்த வண்டிக்கு. உங்க வண்டிக்குக் கறுப்பு.”

“எனக்கு நெனவு தெரிஞ்சதுலேர்ந்து இதுதான் இருக்கு. எங்க வண்டியப் பத்தி நீங்க சொல்றீங்களா?”

“கட்டுன பல்லுல ஒரு தப்பும் இல்ல சார். சொந்தப் பல்லுன்னு சொல்லாதீங்க, அவ்வளவுதான். நம்பர நீங்களே பாருங்க.”

கண்ணாடியை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவருக்கு அந்த மாதம்தான் கண்ணில் புரை எடுத்திருந்தது. “ஆபரேஷனுக்கப்பறம் டாக்டருக்குப் பார்வை சரியில்ல” என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். என் வாய் சும்மா இருக்காது, உங்களுக்குத் தெரியும். மறு வருஷக் கண்காட்சிக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

போன பொங்கலுக்கு, திருத்துறைப்பூண்டியில் இருக்கும் என் அக்கா வெள்ளையடிக்க வீட்டை ஒழித்தபோது ஒரு போட்டோ கிடைத்தது என்று கொடுத்தனுப்பினார். நான் பிறப்பதற்கு முந்தைய ஆயுதபூஜை. அதே காரின் டிரைவர் சீட்டில் அப்பா இருக்கிறார். ஸ்டியரிங்கில் சந்தனப் பொட்டு பளிச்சென்று தெரிகிறது. ஸ்டியரிங் கறுப்பு.

தஞ்சாவூருக்கு வாரம் இரண்டு முறை போகிறவன் நான். போட்டோ கிடைத்த பிறகு ஒருநாள் கீழவாசலில் டாக்டரே எதிரே வந்தார். “வண்டி நல்லாருக்கா சார்?” என்று சிரித்தார். “இருக்கு டாக்டர்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். என் அகம்பாவம் அவ்வளவு.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் அந்த போட்டோவோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி கொடுத்தார். “கடைசில அவருக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க. ‘என் கண்ணுதான் ஏமாத்திடுச்சு போல, பாவம் அவர வீணா சங்கடப்படுத்திட்டேன்’னு உங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தார். யார் கூப்பிட்டாலும் கார் பாக்கப் போகல.”

போட்டோவைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார்.

“இது எப்பங்க கெடச்சது?”

“போன பொங்கலுக்கும்மா.”

போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டாக்டரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: அவர் பார்வையில் ஒரு குறையும் இல்லை. அவர் சொன்னது சரி, நான் பரப்பியது பொய். அவர் நினைவாக என்னிடம் இருப்பது இந்த போட்டோதான். உங்களில் யார் வந்து கேட்டாலும் காட்டுகிறேன். காட்டியிருக்க வேண்டியவருக்குத்தான் காட்டவில்லை.