புளிப்பக்கா கேட்காத கேள்வி

புளிப்பக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது வினிகரால். வீட்டுக்கு வெளியே இருக்கிற அழுக்குதான் அவள் பிழைப்பு: வாசற்படி, கார் நிறுத்துகிற தரை, மதிலோரம், சாக்கடை மூடி. உள்ளே கால் வைக்க மாட்டாள். உள்ளே போனால் பாத்திரத்தையும் நம் தலையில் கட்டுவார்கள் என்பது அவள் கட்சி. வயது ஐம்பதைத் தொடவில்லை. குரல் மட்டும் எழுபதைத் தாண்டியிருந்தது.

அது ஆசிட் கொடுத்த குரல். பதினோரு வருஷம் ஒரு காண்டிராக்டரிடம் ஆசிட் ஊற்றித் தரை தேய்த்தாள். ஒருநாள் தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டு மாதம் சைகையிலேயே குடும்பம் நடத்தினாள். வீடு நிம்மதியாக இருந்த இரண்டு மாதம் என்று அவள் புருஷன் இன்றைக்கும் சொல்வான், சொல்லிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வான். பாதிக் குரல் திரும்பியதும் காண்டிராக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினாள்.

அவள் வேலையில் ஒளிவுமறைவு கிடையாது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பாசியை வேகவைப்பாள். கட்டை பிரஷ்ஷால் தேய்ப்பாள். எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடா. கடைசியில் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றி அரை மணி ஊறவிடுவாள். செடிகளின் வேருக்கு ஒரு சொட்டும் போகாதபடி பழந்துணியை முறுக்கி அணை கட்டுவாள். நுரை வராது, நெடி அடிக்காது. வந்த வம்பே அதுதான். மூக்கில் ஏறினால்தான் சுத்தம் என்று நம்புகிற ஜனங்கள், வெறும் தண்ணீரை ஊற்றி ஏமாற்றுகிறாளோ என்று அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கூட வேலை செய்பவள் குட்டி, புருஷனுடைய தங்கை. முப்பது வயதாகியும் வீட்டில் குட்டிதான். இளைப்புக்காரி. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போனவள் மருந்து நெடி தாங்காமல் ஐந்தாம் நாள் அங்கேயே நோயாளியாகப் படுத்தாள். அதற்குப் பிறகு அவளை எங்கேயும் அனுப்பக் குட்டியின் புருஷன் பயந்தான். லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டான். இவ மூச்சுக்கு நான் பொறுப்பு என்று புளிப்பக்கா அவனுக்கு வாக்குக் கொடுத்துக் குட்டியை அழைத்து வந்தாள். இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூடக் குட்டிக்கு இழுக்கவில்லை. அதில் புளிப்பக்காவுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

டியூஷன் டீச்சர் வீட்டுப் பக்கச் சந்து மோசமான இடம். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் போகிற அகலம், மேலே தகரம், வெயிலே எட்டிப் பார்க்காது. தரை உள்பக்கமாகச் சரிந்து, அடைத்த கடைசிச் சுவரில், சாக்கடை மூடியில் முடியும். படிக்க வந்த பிள்ளை ஒன்று அங்கே பாசியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டதால்தான் டீச்சர் இவளைக் கூப்பிட்டாள்.

பேச வந்த அன்றே புளிப்பக்கா கறாராகச் சொன்னாள், நாங்கள் வரும்வரை பிளீச்சிங் பவுடர் தொடக்கூடாது என்று. ஏன் என்று டீச்சர் கேட்டாள். அதுக்கும் வினிகருக்கும் ஆகாது என்றாள், அவ்வளவுதான். சேர்ந்தால் விஷப்புகை கிளம்பும் என்பது காண்டிராக்டர் காலத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை கிடையாது. டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது.

வேலை நாளன்று கேட்டைத் திறந்ததுமே லேசாக அந்த நெடி அடித்தது. பிளீச்சிங். புளிப்பக்கா நின்றாள். டீச்சர் சிரித்த முகமாக வந்து, இந்த வரிசையில் ஆறு வீட்டிலும் உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன் என்றாள். பேச வந்த அன்றே அந்த அம்மாள் முகம் சுருங்கியது புளிப்பக்காவுக்கு நினைவு வந்தது. மறுபடி கேட்டால் கோபித்துக்கொள்வாள். குளியலறையிலிருந்து வருகிறதாக இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வெந்நீர் ஊற்றியபோது நெடி இன்னும் தூக்கியது. அப்போதும் கேட்கவில்லை. குட்டி உள்ளே சாக்கடை மூடியருகில் குத்துக்காலிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புளிப்பக்கா சந்தின் வாயில் நின்று வினிகர் வாளியைச் சாய்த்தாள். அது சரிவில் ஓடிக் குட்டியின் காலடியில் போய்த் தேங்கியது.

குட்டி இருமினாள். எழுந்து சுவரைப் பிடித்தாள். வாய் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போகவில்லை. புளிப்பக்கா முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கண் எரிந்து எதுவும் தெரியவில்லை. கைக்கு அகப்பட்ட தோளைப் பிடித்து இழுத்து வந்து தெருவில் போட்டாள். டீச்சர் பிடித்து வந்த ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது குட்டியின் உதடு நீலம் பாரித்திருந்தது.

உயிருக்குப் பயமில்லை என்று மாலையில் சொன்னார்கள். நுரையீரல் எவ்வளவு தேறும் என்பதைப் போகப்போகத்தான் பார்க்க வேண்டுமாம்.

வார்டு வாசலில் டீச்சர் அழுதுகொண்டு நின்றாள். லாரிக்காரன் வந்ததும், தப்பு தன்னுடையதுதான் என்றாள். வினிகரில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லையாம். விடியற்காலையில் எழுந்து சாக்கடைப் பக்கம் இரண்டு கை பவுடர் தூவினாளாம். சொன்னால் திட்டு விழும் என்று வாயை மூடிக்கொண்டாளாம். லாரிக்காரன் டீச்சரை முறைத்துவிட்டுப் புளிப்பக்காவிடம் திரும்பி, நீங்க என்னக்கா பண்ணுவீங்க, பாவம் என்றான். புளிப்பக்காவுக்கு ஓர் எண்ணம் ஓடியது. இப்படியே விட்டுவிட்டால் பழி தன் பக்கம் வராது. ஒருவரும் கேட்கப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். குட்டி கண் திறந்து பார்த்தாள்.

"கேட்டைத் தொறந்தப்பவே எனக்கு அந்த நெடி வந்துச்சு குட்டி. டீச்சர் கோவிச்சுக்குவாங்கன்னு கேக்காம விட்டேன். தெரிஞ்சும் ஊத்தினேன்."

குட்டி ஆக்சிஜன் மாஸ்க்கை விரலால் கொஞ்சம் விலக்கினாள்.

"எனக்கும் வந்துச்சு அண்ணி," என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று. "ஆகாததா இருந்தா அண்ணி ஊத்த மாட்டாங்கன்னு நெனச்சேன்."

குற்றம் சொல்கிற குரலில் அவள் சொல்லவில்லை. அதைத்தான் புளிப்பக்காவால் தாங்க முடியவில்லை.