டிரில்லைத் தொடாத மனிதர்

எங்கள் வீட்டில் டிரில் மெஷினைப் பிடிப்பது நான்தான். ஆணி அடிக்கக்கூட ஆண்பிள்ளையைக் கூப்பிடும் தெருவில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வீடு ஆமத்தூரில். நான் விருதுநகரில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை. எந்த அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் முன்னால் எவ்வளவு வெடிமருந்து இருக்கிறது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே நடக்கிற வேலை. அப்படிப்பட்டவர் வீட்டில் டிரில்லைத் தொட மாட்டார்.

டிரில் எதற்கு என்றால், கார்களுக்கு. சின்னக் கார்கள் என்றால் அவருக்கு உயிர். பொம்மை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, முகம் சுருங்கிவிடும். நிஜக் காரை அளவெடுத்து, அப்படியே சுருக்கி, உலோகத்தில் வார்த்தது. கதவு திறக்கும், பானெட் திறக்கும், சிலதில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும். உடைந்ததும் நசுங்கியதுமாகத் தேடி வாங்குவார், பழுது பார்ப்பார், அலமாரியில் வைப்பார். இந்தக் கார்களின் வயிற்றில் பெரும்பாலும் திருகு இருக்காது, ரிவெட் அடித்து மூடியிருப்பார்கள். திறக்க வேண்டுமென்றால் ரிவெட்டின் தலையை டிரில்லால் சுரண்டி எடுத்தாக வேண்டும். அவர் புள்ளி வைத்து, காரைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்வார். நான் வேலையை முடித்துவிட்டு, "வாங்க, பிரசவம் முடிஞ்சது" என்று கூப்பிடுவேன். அதற்கப்புறம் அந்தக் காரை நான் தொடக் கூடாது.

மற்ற வேலைகளில் அவரைக் குறை சொல்ல முடியாது. மேஜை முன் உட்காருவதற்கு முன் ஜன்னல் கம்பியை வெறுங்கையால் ஒரு தரம் தொடுவார். கம்பெனியில் மருந்து அறைக்குள் நுழையும்போது வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும், உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நைலான் சட்டையோடு மேஜைப் பக்கம் போக மாட்டார். இடுக்கிகூடப் பித்தளையில்தான். கழன்ற முன்கண்ணாடியை அவசரப் பசை போட்டு ஒட்டினால் அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெளுத்துவிடும் என்று, பள்ளிப் பிள்ளைகள் ஒட்டும் வெள்ளைப் பசையைக் குச்சி நுனியில் தொட்டு வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பார். பழைய பெயிண்ட் உரிந்திருந்தால் உரிந்தபடியே விட்டுவிடுவார். நாம் பூசினால் அது நம்முடைய கார் ஆகிவிடுமாம். அவருக்குப் பொறுமை ரொம்ப அதிகம். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். நான் சோறு வடிக்கும்போதே இரண்டு தரம் வாசலுக்குப் போய் வருகிற ஆள்.

அலமாரியும் அவர் செய்ததுதான். முதலில் மேற்குச் சுவரில் வைத்தார். எங்கள் ஊர் மே மாத வெயிலில் சுவர் சுட்டு, டயர்கள் இளகிப் பலகையில் கறுப்பாக ஒட்டிக்கொண்டன. பிய்த்து எடுத்தபோது ஒரு லாரியின் பின்சக்கரம் பாதி பலகையிலேயே நின்றுவிட்டது. உடனே இடத்தை மாற்றி, ஒவ்வொரு காரின் வயிற்றுக்கு அடியிலும் ஒரு சின்ன மரக்கட்டை வைத்தார். பாரம் கட்டையில் இருக்கும், டயர் பலகையைத் தொடாது. மழைக்காலத்துக்கு, மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சுகிற பொட்டலங்களைச் சேர்த்து வைத்து மூலைக்கு ஒன்று போட்டார். முன்பக்கம் கண்ணாடிக் கதவு. நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை. எனக்குப் பள்ளி இல்லை, அவருக்கு வேலை உண்டு. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் வருவதற்கு முன்னாலேயே காலுக்கடியில் தரை ஒரு தரம் தூக்கிப் போட்டது. பிறகுதான் சத்தம். தெருவில் அத்தனை பெண்களும் வெளியே வந்து ஒரே திசையைப் பார்த்தோம். புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்த்தால் எந்தக் கம்பெனி என்று ஓரளவு சொல்லிவிடலாம், ஆனால் ஓரளவுதான். எங்கள் பகுதியில் அந்த நேரம் யாருக்குப் போன் போட்டாலும் லைன் கிடைக்காது. கிடைத்தாலும் எனக்குப் பிரயோஜனம் இல்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அவருடைய போன் கேட்டில் வாட்ச்மேனிடம் கிடக்கும். அடித்துக்கொண்டே இருந்தேன். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பாதி தூரம் போய், ஒருவேளை வீட்டுக்கு யாராவது தகவல் சொல்ல வந்தால் என்ன செய்வது என்று பயந்து திரும்பி வந்தேன். பிறகு மறுபடி கிளம்பினேன்.

அவருடைய கம்பெனி இல்லை என்று வழியில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வேறொன்று. உயிர்கள் போயிருந்தன. சாயங்காலம் அவர் வந்து பைக்கை நிறுத்தியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் என்னைப் பார்த்தார், நேராக அலமாரிக்குப் போனார். மேல் தட்டுக் கார்கள் கட்டையை விட்டு உருண்டு வந்து கண்ணாடியில் மோதி, ஒரு அம்பாசிடர் கீழே இருந்த ஜீப்பின் மேல் விழுந்திருந்தது. ஜீப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"அங்கன எம்புட்டுப் பேரு போயிட்டாகன்னு தெரியல. இங்கன வந்து காரைத் தொடச்சுக்கிட்டு இருக்கீக. நீங்க என்ன மனுசங்க?"

"கண்ணாடி வேணாம். அக்ரிலிக் போட்டுருவோம்" என்றார்.

அன்று நான் அவரிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அடுத்த வாரமே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நொறுங்காத அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு மாட்டினார். தட்டுகளின் ஓரத்தில் விளிம்புக் கட்டை அடித்தார். சக்கரங்களுக்கு மெழுகு வைத்துப் பார்த்தார், வெயிலில் வழிந்துவிட்டது. கடைசியில் ஒவ்வொரு காரின் வயிற்றிலும் ரிவெட் இருந்த இடத்தில் மரை போட்டு, பலகைக்கு அடியிலிருந்து திருகு கொடுத்து முடுக்கினார். அத்தனை ரிவெட்டையும் எடுத்தது நான்தான், அவர் கொல்லையில் நின்றார். முடிந்ததும் அலமாரியைக் கையால் பிடித்து உலுக்கிக் காட்டினார்.

"பாத்தியா டீச்சர்? இனிமே அசையாது."

"காரு அசையாது. எனக்கு என்ன திருகு போடப் போறீக?"

அவர் சிரித்தார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்த வீட்டில் இரண்டு பேருக்கான பயத்தையும் நான் ஒருத்தியே படவேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன். அவருக்குப் பயம் என்ற ஒன்றே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அன்றிலிருந்து, வேலையை விடச் சொல்லி விடாமல் நச்சரித்தேன். ஜெபத்திலும் அதையேதான் கேட்டேன்.

கேட்டது கிடைத்த மாதிரி விருதுநகர் பாய் ஒருவர் வந்தார். பருப்பு மொத்த வியாபாரம், ஆனால் மனசெல்லாம் கார் மேல். அவர் வீட்டுக்கு அலமாரி செய்து கொடுக்கப் போய்த்தான் இவருக்குப் பழக்கம். கடைக்கு முன்பக்கம் ஒரு அறை சும்மா கிடக்கிறது, இந்தக் கார்களுக்கென்றே ஒரு கடை போடலாம், விற்கலாம், பழுது பார்க்கலாம், அலமாரி செய்யலாம், நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாய் கிளம்பியதும், "என்ன சொல்றீக?" என்றேன்.

"சீசன் முடியட்டும்."

தீபாவளி முடிந்தது, சீசனும் முடிந்தது. கம்பெனியை மூடி, ஆட்கள் ஊர்களுக்குப் போனார்கள். இனிப் பூஜை போட்டுத் திறந்தால் அடுத்த சீசன் தொடங்கிவிடும். போர்மேன் வருகிறாரா இல்லையா என்று அதற்குள் சொல்லியாக வேண்டும். நான் தினம் கேட்டேன். தினம் "பாப்போம்" என்றார். பிடி கொடுக்கவே மாட்டார். நான் விளக்கிய பாத்திரத்தையே திரும்ப விளக்கினேன். வகுப்பில் ஒரே பாடத்தை மறுநாளும் எடுத்தேன், பிள்ளைகள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. திங்கட்கிழமை பூஜை என்று தகவல் வந்தது. பாய் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் கொடுத்திருந்த கார் ஒன்றின் முன் அச்சு உடைந்து கிடந்தது. காரையும் வாங்கிக்கொண்டு, பதிலையும் கேட்டுக்கொண்டு போவதாகப் பேச்சு.

அந்தச் சமயம் பார்த்து நான் பள்ளிப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தேன். ஒரு பேனாகூடப் பிடிக்க முடியாது. ஞாயிறு கோயிலுக்குப் போய் வந்து சாப்பிட்ட பிறகு அவர் அந்தக் காரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். என் கையைப் பார்த்தார். பிறகு அவரே உட்கார்ந்தார்.

நான் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். எனக்கு ஒரே குஷி. "இந்தக் கண்கொள்ளாக் காட்சிய தெருவுல எல்லாரையும் கூப்பிட்டுல்ல காட்டணும்" என்று சீண்டினேன். ஜன்னல் கம்பியைத் தொட்டார். வேட்டியில் கையைத் துடைத்தார். மறுபடி கம்பியைத் தொட்டார். டிரில்லை எடுத்துப் புள்ளியில் வைத்தார், பொத்தானை அழுத்தவில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு முதுகில் பனியன் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு தரம் அழுத்தினார். சத்தம் வந்ததும் டிரில்லைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார். கை நடுங்கியது. விரல் நுனி இல்லை, தோள் வரைக்கும் நடுங்கியது.

என் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னங்க, இது துத்தநாகம். பொறி வராது. பொறி வந்தாலும் இங்கன பத்திக்கிட என்ன இருக்கு?"

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"தினமும் காலைல கேட்டுக்குள்ள நொளஞ்சதும் பயம் புடிச்சுக்கிடும். கக்கூசுக்குப் போயிட்டுத்தான் ரவுண்டு போவேன். யாராவது கீள ஒரு ஆணியப் போட்டாலும், கொலுசு கல்லுல ஒரசுனாலும் உசுரு போயிட்டு வரும். அங்கன நின்னு நடுங்க முடியுமா? நான் நடுங்குனா அம்புட்டுப் பேரும் நடுங்குவாக. மருந்துல கை நடுங்கக் கூடாது. இங்கன வந்து இந்தக் காருக முன்னால உக்காந்தாத்தான் கையி கொஞ்சம் நெதானத்துக்கு வரும்."

இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்தவர். அந்தச் சனிக்கிழமை அவர் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாரே, அப்போதும் இந்தக் கைதான் அந்தத் துணியைப் பிடித்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய் இடது கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"இம்புட்டுப் பயத்த வச்சுக்கிட்டு எதுக்குங்க போகணும்? பாய் வர்றாக. சரின்னு சொல்லிருங்க. இன்னையோட விட்ருங்க."

"விட்டா எனக்குப் பதிலா ஒருத்தன வைப்பாக."

"வைக்கட்டும்."

"யார வைப்பாகன்னு எனக்குத் தெரியும். நல்ல பயதான். ஆனா அவனுக்குப் பயமே கெடையாது டீச்சர். ரூமுக்கு நாலு பேருன்னா, ஆர்டர் அவசரம்னு ஆறு பேர உக்கார வைப்பான். மருந்து மிஞ்சிருச்சுன்னா நாளைக்குப் பாத்துக்கிடலாம்பான். அந்தப் பொம்பளைக காலைல 'சார் வந்துட்டாகளா'ன்னு கேட்டுட்டுத்தான் உள்ள போறாக. நான் கம்பெனி கேட்டத் தாண்டி வெளிய வந்துருவேன். அவுக?"

அந்தப் பெண்களில் சிலரை எனக்குத் தெரியும். ஒருத்தியின் மகள் என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்காருகிறாள்.

வாசலில் பாயின் குரல் கேட்டது. "சார் இருக்காகளா? டீச்சரம்மா, கையில என்ன கட்டு?" உள்ளே வந்து உட்கார்ந்தார். மேஜையில் திறக்காமல் கிடந்த காரைப் பார்த்தார், அது பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பேரீச்சம்பழப் பொட்டலம் ஒன்றை என்னிடம் நீட்டினார். அந்த அறையை வெள்ளையடித்துவிட்டதாகவும் முன்பக்கம் விளக்குப் போடக் கம்பி இழுத்தாகிவிட்டது என்றும் சொன்னார். பிறகு இவர் முகத்தைப் பார்த்து, "அப்ப, நாளைக்கே வந்துருங்களேன் சார்" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொல்வதைக் கேட்பார் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. அவ்வளவு நாளும் பிடி கொடுக்காதவர், அன்றைக்கு என்ன சொன்னாலும் கேட்டிருப்பார். பாயோடு போகச் சொன்னால் போயிருப்பார்.

"அவுக வரல பாய்" என்றேன். "அங்கன ஆளு வேணும்."

பாய்க்குப் புரியவில்லை. வேலையை விடச் சொல்லி அவரிடமே எத்தனையோ தடவை சிபாரிசு கேட்டவள் நான். பேரீச்சம்பழத்தை அங்கேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் என் பின்னால் வரவில்லை. வந்திருந்தால் சொன்னதை மாற்றிச் சொல்லியிருப்பேன்.