கூண்டு வண்டியில் ஒரு காலி இடம்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பிப்ரவரி மாதம் டெக்சாஸில் நடந்தது இது. லூசியானாவில் ஒரு மோட்டலுக்கு பெயின்ட் அடித்து முடித்துவிட்டு ஹூஸ்டனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த நம்மூர் பாய் ஒருவர், "சனிக்கிழமை மதியத்துக்குள்ள வந்தா கிச்சன்ல வேலை. இல்லன்னா வேற ஆளப் போட்டுக்குவேன்" என்று போனில் சொல்லியிருந்தார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுவே பெரிது.

வெள்ளிக்கிழமை, ஊரை நெருங்கும்போது என் ஓட்டைக் கார் புகை கக்கி நின்றுவிட்டது. கை காட்டிப் பார்த்தேன். ஒருவரும் நிற்கவில்லை. அப்போது சாலையோரமாகக் குதிரைகளும் கூண்டு வண்டிகளும் வரிசையாக வந்தன. சினிமா ஷூட்டிங் என்றுதான் நினைத்தேன்.

ஒரு வண்டி நின்றது. ஓட்டி வந்தவர் நடுவயது வெள்ளைக்கார அம்மா. "நாளைக்குக் காலையில ஊருக்குள்ள போயிடுவோம். ஏறு" என்றார். பின்னால் உட்காரப் போனேன். "அங்க இல்ல, இங்க" என்று தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி, ஒரு பழைய தொப்பியை என் தலையில் வைத்தார்.

ஹூஸ்டனில் வருடா வருடம் நடக்கும் ரோடியோ என்ற கால்நடைத் திருவிழாவுக்குப் போகிறார்களாம். அவர் அப்பா காலத்தில் மாடுகளைக் காட்டிப் பரிசு வாங்கி, விற்றுவிட்டு வருவதுதான் முக்கியமாம். இப்போது முரட்டுக் காளை மேல் உட்கார்ந்து தாக்குப்பிடிப்பது, ஓடும் கன்றைக் கயிறு வீசிப் பிடிப்பது, வாண்டுகள் செம்மறி ஆட்டின் மேல் சவாரி போவது, பாட்டுக் கச்சேரி என்று பெருகிவிட்டதாம். அது தொடங்குமுன் பல ஊர்க்காரர்கள் இப்படி நாள்கணக்கில் வந்து ஊர்வலமாக நகரத்துக்குள் நுழைவது வழக்கம்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த இடத்துல என் புருஷன்தான் உட்காருவார். போன கோடையில போயிட்டார். காலியா விட்டா வழி நெடுக துக்கம் விசாரிப்பாங்க. என்னால முடியாது" என்றார்.

மாலை, வண்டிகள் தங்கிய இடத்தில் ஒருவர் தன் டிரக்கில் உடனே என்னைக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். போயிருந்தால் வேலை நிச்சயம். அந்த அம்மா தடுக்கவில்லை. வண்டி இழுத்து வந்த கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே என் தலையில் இருந்த தொப்பியை ஒருமுறை பார்த்தார். "காலையில இவங்களோடயே வந்துக்கிறேன்" என்று டிரக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் நகரத் தெருக்களில் இரண்டு பக்கமும் கூட்டம். எல்லோரும் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள். "நீயும் ஆட்டு, காசா கேக்குறாங்க?" என்றார் அவர். ஆட்டினேன். அவ்வளவு பேரில் ஒருவருக்குக் கூட என்னைத் தெரியாது.

ஊர்வலம் முடியும்போது மதியம் தாண்டியிருந்தது. அவர் தொப்பியை வாங்கிக் காலி இடத்தில் வைத்தார். என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

விசாரித்து விசாரித்து நடந்து பாய் கடையைப் பிடித்தேன்.

"ஆள் போட்டாச்சே தம்பி. எப்படி வந்தீங்க?"

"ஊர்வலத்துல பாய்."

"அப்படியா! மாலை எல்லாம் போட்டாங்களா?" என்று சிரித்தவர், பிரியாணி போட்டுக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு அடுத்த வேலை தேடிக் கிளம்பினேன்.

நான் எழுந்து போனால் எந்த இடமும் காலியாகத் தெரியாது என்று நினைத்துத்தான் அதுவரை ஊர் ஊராக அலைந்திருந்தேன். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான், அந்த ஒரு காலைப்பொழுதை நினைத்துக்கொள்ளும்போது தவிர.