செருப்பு மட்டும் பதிவான சீர்வரிசை

கல்யாணத்துக்குப் போகாமலேயே எல்லாக் கல்யாணத்திலும் முன்வரிசையில் உட்காருகிற தொழில் எடிட்டிங். தேனியில் ஒரு மாடி ஸ்டுடியோவில் அதைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் சித்தப்பா பந்தியில் யார் இலை அப்பளத்தை எடுத்தார் என்பதுவரை எனக்குத் தெரியும். என்னை அங்கே ஒருவருக்கும் தெரியாது.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில், முறுக்கைக் கையில் கொடுத்து உட்காரவைத்து, கல்யாண வீடியோவை முழுசாகப் பார்க்க வைக்கப்பட்ட அன்பர்களே, உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. நீங்கள் பார்த்தது நான் வெட்டியது போக மிச்சம். வெட்டியதையும் சேர்த்துப் பார்த்தவள் நான். இருந்தும் இந்தத் தொழில்மேல் எனக்கு ஆசை குறையவில்லை. ஏன் என்று கேட்டால் அனுமந்தன்பட்டி ராஜாத்தி அக்கா வீட்டுக் கல்யாணத்தைத்தான் சொல்வேன். தன் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்த அக்கா என்னிடம் கேட்டார். அதற்கு முன்னால் இரண்டு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன்.

கத்திரி எங்கே?

தேவதானப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் பேத்தியின் காதுகுத்து வீடியோவை வாங்க வந்தார். ஒரு காலத்தில் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். வந்ததும் வராததுமாக என் மேஜைமேல், மேஜைக்கு அடியில் எல்லாம் எதையோ தேடினார். கத்திரியைத் தேடினாராம். படம் அறுந்தால் பிளேடால் சுரண்டி, பசை தடவி, விசில் சத்தம் கூடுவதற்குள் ஒட்டி ஓட்டிய கை அது.

எனக்கும் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். ஆரம்பத்தில் சினிமா எடுத்தவர்கள் காமிராவை ஒரே இடத்தில் ஊன்றி, நாடகம் பார்ப்பதுபோல் ஃபிலிம் தீரும்வரை சுற்றினார்கள் என்று சொன்னேன். அப்புறம் யாரோ துணிந்து நடுவில் வெட்டி, வேறொரு துண்டை ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். தெருவில் நின்று கதவைத் தள்ளுகிறவன் அடுத்த துண்டில் வீட்டுக்குள் நிற்கிறான். பார்க்கிற சனம் குழம்பவே இல்லை. அந்தத் தைரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். கேசட் காலத்தில் ஒரு டெக்கில் ஓட்டி இன்னொரு டெக்கில் பதிந்தார்கள். நடுவில் ஒன்று விட்டுப்போனால் அங்கிருந்து மறுபடி பதிய வேண்டும். எனக்கோ மவுஸைத் தட்டினால் வெட்டு, பிடிக்காவிட்டால் பழையபடி ஆகிவிடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நான் அறுந்துபோச்சேன்னு பதறிப்போயி ஒட்டுனேன். நீங்க நல்லா இருக்குறத வேணும்னே அறுத்துல்ல ஒட்டுறீக, தாயி!"

மாமியார் முறைத்தார்

தேவாரத்தில் ஒரு கல்யாணம். மணமகள் தலை குனிந்து நிற்கும் ஷாட்டுக்கு அடுத்து, மாமியாரின் முகத்தை வைத்தேன். ஹோமப் புகை கண்ணில் பட்டு அவர் கண்ணைச் சுருக்கிய நேரம் அது. தனியாகப் பார்த்தால் சாதாரண முகம். மருமகளுக்குப் பக்கத்தில் வைத்ததும் முறைப்பாகிவிட்டது. வீடியோ போன மறுநாளே மாமியார் குடும்பத்தோடு வந்து நின்றார்.

நான் அந்த முகத்தை மாற்றவில்லை. அதே ஷாட்டை எடுத்து, மணவறை ஓரம் ஒரு குழந்தை பூவைப் பிய்த்துத் தின்னும் காட்சிக்கு அடுத்து வைத்தேன். அவ்வளவுதான். அதே சுருங்கிய கண் இப்போது கொஞ்சுகிற கண். பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் உணர்ச்சியை முகத்தில் ஏற்றிவிடுவது பார்க்கிறவர்கள்தான். எங்கள் தொழிலின் பாதி வேலையை அவர்களே செய்துகொடுக்கிறார்கள். மாமியார் திரையைத் திருப்தியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பத்தான் எம்மொகத்த எம்மொகமாப் போட்டிருக்கீக."

சேகர் அண்ணனின் சிவப்புப் புள்ளி

எங்கள் காமிராமேன் சேகர் அண்ணன். கூட்டத்தில் புகுந்து வளைந்து எடுப்பதில் கெட்டிக்காரர். காமிராக்காரர்களுக்கென்றே ஒரு தப்பு உண்டு. ரெக்கார்டு பொத்தானை ஒரு தட்டு தட்டினால் ஓடும். மறு தட்டுக்கு நிற்கும். அவசரத்தில் ஒரு தட்டு கூடிவிட்டால் எல்லாம் தலைகீழ். எடுக்கிறோம் என்று நினைக்கும்போது காமிரா தூங்கும். தொங்கவிட்டு நடக்கும்போது விழித்துக்கொள்ளும். ஓடினால் திரையில் சிவப்புப் புள்ளி தெரியும்தான். யார் பார்க்கிறார்கள்?

ராஜாத்தி அக்கா வீட்டுக் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் வந்த நேரம் பார்த்து அது நடந்தது. தாலி கட்டியதை மணவறையில் நின்ற இன்னொரு காமிரா காப்பாற்றிவிட்டது. மண்டப வாசலில் இருந்தது சேகர் அண்ணன் மட்டும். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். செருப்பு, கால், வேட்டிக்கரை, தரை, மறுபடி செருப்பு. சேகர் அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார்: "ஊரு சனத்தோட காலப்பூராம் எடுத்திருக்கேன், ஒரு மொகத்தக் காணோமே!"

அக்கா கேட்டது ஒன்றுதான்

மறைக்க மனசு வரவில்லை. ராஜாத்தி அக்காவை வரவழைத்துச் சொல்லிவிட்டோம். திட்டுவார் என்று பார்த்தால், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு ஒரே அண்ணன். அந்த அண்ணன் தன் மகனுக்கு முறைப்பெண்ணைக் கேட்டிருக்கிறார். அக்கா மகளுக்கு அதில் விருப்பமில்லை, வெளியில் நிச்சயம் செய்தார்கள். அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்தினார். "உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொன்னவர், முகூர்த்தத்தன்று காலையில் சீர்த்தட்டுகளோடு மண்டப வாசலில் வந்து நின்றுவிட்டார். அக்கா ஓடிப்போய் அழுதார். அந்த வரவைத்தான் நாங்கள் கோட்டை விட்டிருந்தோம். அக்கா மெதுவாகச் சொன்னார்: "அழுத கண்ணுல அவுக மொகத்த நான் பாக்கவே இல்ல, தாயி. வீடியோல பாத்துக்கிருவோம்னு இருந்தேன்."

முன்வைத்த கால்

செருப்புக் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒரு பச்சைக்கரை வேட்டி. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கால் படியில் ஏறுகிறது. நிற்கிறது. கீழே இறங்குகிறது. மேலே அக்காவின் அண்ணன் குரல்: "ராஜாத்தி எங்கன இருக்கா? அவளக் கூப்பிடுங்க." அப்புறம் அந்தக் கால் மறுபடி ஏறுகிறது. சேகர் அண்ணன் தப்பாக எடுத்ததை வேறு யாரும் சரியாகக்கூட எடுத்திருக்க முடியாது.

மணவறைக் காமிராவில் அக்கா வாசலைப் பார்க்கும் ஷாட் ஒன்று கிடைத்தது. உண்மையில் குத்துவிளக்குக்கு எண்ணெய் வாங்கப் போன ஆளைத் தேடிய பார்வை அது. அதை முதலில் வைத்தேன். அதன்மேல் அண்ணனின் குரலை மட்டும் விட்டேன். ஆள் வருமுன் குரலை அனுப்புவது எங்கள் தொழிலில் பழைய வித்தை. அப்புறம் கால். ஏறி, இறங்கி, ஏறும் கால். மறுபடி அக்கா முகம். கடைசியில் பச்சைக்கரைக்கு எதிரே மெட்டி போட்ட கால்கள் ஓடி வந்து நிற்கின்றன. "அண்ணே" என்று ஒரு சத்தம். சோகப் பாட்டுப் போட்டு ஸ்லோமோஷன் ஆக்கலாம் என்றார் சேகர் அண்ணன். கால் இறங்கும் இடத்தையாவது குறைக்கச் சொன்னார். இரண்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை. அக்காவின் அண்ணன் படியில் எவ்வளவு நேரம் தயங்கினாரோ அவ்வளவு நேரமும் அப்படியே இருக்கட்டும்.

அக்கா வந்தார். கூடவே அண்ணனையும் கூட்டிவந்தார். கல்யாணத்திலிருந்து பேச்சுவார்த்தை உண்டு. ஓட்டினேன். கால் படியிலிருந்து இறங்கிய இடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு விசும்பல் கேட்டது. அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அக்கா அப்புறம் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "போதும் தாயி, பாத்துட்டேன்" என்றார்.

அண்ணன் மூக்கைச் சிந்திவிட்டு, கௌரவத்தை மீட்டுக்கொண்ட குரலில் சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாசல்ல நான் அழுகுறத மட்டும் வெட்டிருங்க தாயி, ஊருக்குப் போட்டுக் காட்டணும்ல."

முகமே இல்லாத அந்தக் காட்சியில் அவர் அழுகையை எங்கே வெட்டுவது என்று மவுஸைப் பிடித்தபடி நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.