பத்தொன்பதாவது விமானம்

சிரில் வாட்லி முதன்முதலாக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது 1979 நவம்பரில். கோஸ்போர்ட் நூலகத்தில் அப்போது எனக்குப் பதினோரு வருட வேலை. நனைந்த மழைக்கோட்டைக் கழற்றாமல், கையில் ஒரு கடிதத்தை நீட்டியபடி, "நீங்க இத்தாலிக்காரங்கதானே?" என்று கேட்டார்.

நான் லிவோர்னோவில் பிறந்தவள். போர் முடிந்ததும் ஓர் ஆங்கில மாலுமியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். அந்தக் கேள்வியை இந்த ஊரில் யார் கேட்டாலும் எனக்கு முதுகு விறைத்துவிடும்.

"ஆமா. அதுக்கென்ன?"

"ரோம்லருந்து லெட்டர் வந்திருக்கு. ஒரு எழுத்தும் புரியல. நாங்க சுட்டு வீழ்த்தின உங்க விமானங்களைப் பத்தி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்க" என்றார்.

"எங்க அண்ணன் கப்பல்ல சமையல்காரன். விமானத்துல ஏறினதே இல்ல. உக்காருங்க."

அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது. வாட்லி இருபத்தெட்டு வருடம் வீடு வீடாகப் போய் எரிவாயு மீட்டர் பார்த்துக் குறித்தவர். அதற்கு முன்னால், இருபது வயதில், மத்தியதரைக் கடலில் ஒரு விமானம் தாங்கிக் கப்பலில் இருந்தார். போர் விமானங்களின் இறக்கைகளில் இருக்கும் துப்பாக்கிகளுக்குக் குண்டு நிரப்புவது அவர் வேலை. எந்த விமானம், எத்தனை குண்டு, எத்தனை மணிக்கு என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

அந்தக் கப்பலில் இருந்த விமானப் படைப்பிரிவின் பழைய ஆட்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை சவுத்ஸீயில் ஓர் ஓட்டலில் கூடுவார்கள். அந்த வருடம் சங்கத்துக்கு ஒரு புத்தகம் போட முடிவாயிற்று. படைப்பிரிவு வீழ்த்திய முப்பத்தொரு எதிரி விமானங்களின் பட்டியல் அதில் வரவேண்டும். சங்கத்தின் தலைவர் கமாண்டர் லோரிங். அந்த முப்பத்தொன்றில் ஆறு அவருடையவை. விருந்து முடிந்ததும் வாட்லியின் தோளைத் தட்டி, "தேதியெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக் குடு வாட்லி. மீட்டர் பாக்கறவன் கண்ணுக்குத் தப்பாது" என்றாராம். மேசையில் எல்லோரும் சிரித்தார்களாம்.

வாட்லி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரம் ஒருமுறை படகில் போர்ட்ஸ்மத் போய், அங்கிருந்து ரயிலேறி லண்டன் கியூவிலுள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போவார். விமானிகள் தரையிறங்கியதும் எழுதிக்கொடுத்த அறிக்கைகளையும் கப்பலின் பதிவேட்டையும் பென்சிலால் நகலெடுத்து வருவார். இத்தாலியர்கள் அந்தந்த நாளில் இழந்த விமானங்களின் விவரம் ரோமிலுள்ள விமானப்படை ஆவணக் காப்பகத்திலிருந்து கடிதம் கடிதமாக வரும். அதை நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்.

ஒரு வருடத்தில் பதினேழு விமானங்கள் உறுதியாயின. ஒன்பது, சேதத்தோடு சிசிலிக்கோ சார்டினியாவுக்கோ திரும்பிப் போய்ச் சேர்ந்திருந்தன. விமானிகள் பொய் சொன்னதாக வாட்லி ஒருநாளும் சொன்னதில்லை. "புகையைக் கக்கிட்டு மேகத்துக்குள்ள போறதைப் பாத்தா விழுந்துடுச்சுன்னுதான் தோணும். ஒண்ணையே ரெண்டு பேரு சுட்டா ரெண்டுன்னு ஆயிடும். திரும்பிப் பாக்க யாருக்கு நேரம்?" என்பார். நாலு விமானங்களைப் பற்றி எந்தத் தகவலும் கிடைக்கவில்லை.

மிச்சமிருந்தது ஒன்று. பட்டியலில் பத்தொன்பதாவது. 1941 ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை காலை, லோரிங் வீழ்த்திய இரட்டை எஞ்சின் விமானம். அந்த வியாழக்கிழமை அந்தக் கடற்பகுதியில் இத்தாலி விமானம் எதுவும் பறக்கவே இல்லை என்று ரோமிலிருந்து எழுதியிருந்தார்கள். நான் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். வாட்லி எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் கியூவிலிருந்து நேராக நூலகத்துக்கு வந்தார். மூடுகிற நேரம். விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தேன்.

"அது நம்ம விமானம், எல்டா."

மால்டாவிலிருந்து காலை எட்டரைக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் உளவு விமானம். உள்ளே மூன்று பேர். பத்து முப்பத்தைந்துக்குத் தாங்கள் இருக்கும் இடத்தை அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. காரணம் தெரியவில்லை என்று கோப்பை மூடிவிட்டார்கள். லோரிங்கின் அறிக்கையில் நேரம் பத்து நாற்பது. இடமும் அதுவே. விமானம் கடலில் இறங்கியது, இரண்டு பேர் வெளியே வந்து இறக்கைமேல் ஏறினார்கள் என்றும் எழுதியிருந்தார். அவர்களை எடுத்துவர ஒரு சிறு போர்க்கப்பலை அனுப்பலாமா என்று பதினொன்று இருபதுக்குக் கப்பலில் பேச்சு வந்திருக்கிறது. நீர்மூழ்கி பயம். எதிரி ஆட்கள்தானே என்று விட்டுவிட்டார்கள்.

வாட்லி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"லோரிங் விமானத்துல பின்சீட்ல பெல்லமின்னு ஒரு சின்ன ஆபீசர். என் வயசுதான். இறங்கினதும் நேரா என்கிட்ட வந்தாரு. 'வாட்லி, அது சாயறப்ப இறக்கைல வட்டம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. நம்ம விமானத்துல போடற வட்டம்'னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெயில் கண்ல அடிச்சிருக்கும் சார், போய் டீ குடிங்கன்னேன். லோரிங்கிட்ட நேரா சொல்ல அவருக்குப் பயம். என்கிட்ட சொல்லிப் பாத்தாரு. நான் 'அப்படியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா மேல போய் சொல்லியிருப்பாரு. எனக்கு நாலு விமானத்துக்குக் குண்டு நிரப்பணும். அதுதான் கவலை." நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். "நான் நிரப்ப ஆரம்பிச்சது பதினொண்ணு அஞ்சு. அவங்க முடிவெடுத்தது பதினொண்ணு இருபது."

"பெல்லமி இப்ப எங்க இருக்காரு?"

"ஒம்பது நாள் கழிச்சு செத்துட்டாரு. அந்த வியாழக்கிழமை சாயங்காலம், எத்தனை வீழ்த்தினோம்னு கணக்கு எழுதற பலகையில பத்தொம்பதுன்னு பெயிண்ட் அடிச்சது நான்தான்."

லோரிங்குக்கு அவர் எழுதிய கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். பதில் வரவில்லை, ஆளே வந்தார். ஒரு மதியம் வாட்லி வாசிப்பு மேசையில் இருந்தபோது உயரமான ஒரு கிழவர் கைத்தடியோடு உள்ளே வந்து எதிரில் நின்றார். வாட்லி சட்டென்று எழுந்தார்.

"எந்திரிக்காத, உக்காரு. லெட்டர் கிடைச்சுது." லோரிங் குரலைத் தாழ்த்தவில்லை. "அந்த மூணு குடும்பமும் நாப்பது வருஷமா எதிரி கொன்னான்னு நம்பிக்கிட்டு இருக்கு. நீ போய் புதுசா என்ன குடுக்கப்போற?"

"நடந்ததை, சார்."

"யாரு கேட்டா?"

வாட்லி மேசையைப் பார்த்தபடி, "தேதியெல்லாம் சரிபாக்கச் சொன்னது நீங்கதான் சார்" என்றார்.

"எனக்கு இருபத்திமூணு வயசு. எதிர்ல ரெட்டை எஞ்சின் வருது. நம்ம ஆளுங்க அந்தப் பக்கம் வருவாங்கன்னு ஒருத்தனும் சொல்லல."

"தெரியும் சார். உங்க தப்புன்னு நான் எழுதல."

லோரிங் கைத்தடியின்மேல் இரண்டு கையையும் ஊன்றினார். "ஒருத்தன் இறக்கைமேல நின்னு கையை ஆட்டினான். முஷ்டியைக் காட்டறான்னு நினைச்சேன்." அவ்வளவுதான். கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

இறந்த மூவரில் இரண்டு பேருக்குச் சொந்தம் என்று யாரும் கிடைக்கவில்லை. பத்தொன்பது வயது ரேடியோக்காரன் ரால்ஃப் தோர்ப்புக்கு ஹல் நகரத்தில் ஒரு தங்கை இருந்தாள். ஆக்னஸ். கல்யாணம் ஆகாதவள். விஷயத்தைச் சொல்லாமல், அவள் அண்ணனைப் பற்றிப் பேசவேண்டும் என்று மட்டும் வாட்லி எழுதினார். வாருங்கள் என்று ஒரு வரி பதில் வந்தது.

வாட்லியின் மனைவி வின்னி என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நான் போகமாட்டேன். நீ கூடப் போ. இந்த மனுஷன் மூணு மாசமா சரியா சாப்பிடல. ஆனா ஒண்ணு சொல்றேன் எல்டா, இவன் பாரம் குறையணும்னு அந்தப் பொம்பள தலையில கொண்டுபோய் வைக்கிறான்." பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் ரொட்டியில் முட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தாள்.

ஹல்லில் ஆக்னஸ் வீட்டு முன்னறையில் கணப்பு எரியவில்லை. நாங்கள் கோட்டோடு உட்கார்ந்தோம். வாட்லி எல்லாவற்றையும் சொன்னார். பெல்லமியிடம் தான் என்ன சொன்னார் என்பதையும் விடவில்லை.

கடைசியில் ஆக்னஸ், "இறக்கைமேல நின்ன ரெண்டு பேருல ரால்ஃப் இருந்தானா?" என்று கேட்டாள்.

"தெரியாது, மிஸ் தோர்ப்."

"தண்ணியில எவ்வளவு நேரம் தாங்குவாங்க?"

வாட்லி என்னைப் பார்த்தார். "ஏப்ரல் மாசம். மிதக்கறதுக்கு ஏதாவது கிடைச்சிருந்தா சாயங்காலம் வரைக்கும். அதுக்கு மேல இருக்காது" என்றார்.

ஆக்னஸ் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். "ஒரு நொடியில போயிருப்பான், வலியே தெரிஞ்சிருக்காதுன்னு அவன் மேலதிகாரி எழுதியிருந்தாரு. எங்கம்மா சாகற வரைக்கும் அதை நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். சாப்பாடு ஊட்டறப்பகூட." பிறகு வாட்லியைப் பார்த்தாள். "நீங்க இறக்கி வெச்சுட்டுப் போயிடுவீங்க. நான் இதை எங்க வெக்கிறது?"

அவள் எங்களுக்குத் தேநீர் தரவில்லை. தெருமுனை வரை போனபின் வாட்லி ஒரு மதில்மேல் கைவைத்து நின்றுகொண்டார். ரயில் பிடிக்கவேண்டும் என்று நான்தான் கையைப் பிடித்து நடத்தினேன். திரும்பும் வழியில் வின்னி கட்டிக்கொடுத்த ரொட்டி பிரிக்கப்படாமலே இருந்தது.

சங்கத்தின் புத்தகம் அடுத்த வசந்தத்தில் வந்தது. முப்பத்தொன்று முப்பத்தொன்றாகவே இருந்தது. தேதிகளைச் சரிபார்த்தவர் என்று வாட்லிக்கு நன்றி வேறு. அவர் அந்த வரியை எடுக்கச் சொல்லி எழுதினார், இரண்டாம் பதிப்பு வந்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. சவுத்ஸீ விருந்துக்கு அதன்பிறகு அவருக்கு அழைப்பு வரவில்லை.

தன் பட்டியலை நாற்பது பக்கத்தில் அவரே எழுதி நூலகத்தில் கொடுத்தார். நான் அதற்கு எண் போட்டு உள்ளூர் வரலாற்று அலமாரியில் வைத்தேன்.

ஹல்லிலிருந்து எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. விமானம் விழுந்த இடம் எது என்று அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் எழுதி அனுப்பும்படி ஆக்னஸ் கேட்டிருந்தாள். வேறு ஒரு வார்த்தை இல்லை, கீழே பெயர் மட்டும். வாட்லி கப்பல் பதிவேட்டிலிருந்தும் மால்டா கோப்பிலிருந்தும் இரண்டு இடங்களையும் எழுதி, இரண்டுக்கும் நடுவே ஐந்து மைல் வித்தியாசம் வரலாம் என்றும் குறித்து அனுப்பினார். பிறகு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. அதை வைத்து என்ன செய்தாள் என்று எங்களுக்குத் தெரியாது.

தகவல் கிடைக்காத நாலில் இரண்டை அவர் அதற்குள் கண்டுபிடித்துவிட்டார். இரண்டும் உண்மையாகவே விழுந்தவை, இரண்டிலும் யாரும் பிழைக்கவில்லை. அந்த இத்தாலியப் பெயர்களை எப்படிச் சொல்லவேண்டும் என்று என்னிடம் கேட்டுக் கேட்டுச் சொல்லிப்பார்த்தார். 1984 பிப்ரவரியில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள் போய்விட்டார்.

அடக்கத்துக்குச் சங்கத்திலிருந்து ஒரு மலர் வளையம் வந்தது. ஆள் யாரும் வரவில்லை. அட்டையைப் படித்துவிட்டு எங்கே வைக்கட்டும் என்று வின்னியைக் கேட்டேன்.

"எங்கயாவது வெய்யி" என்றாள். "வழியில மட்டும் வெக்காத. ஆளுங்க நடக்கணும்."