ஏரியிலிருந்து ஒட்டித் தெரியும் குன்றுகள்

அன்று வந்த வழியே இறங்காமல் நான் மூன்றாவது மலைக்கு ஏறியது, பிள்ளையிடம் சீக்கிரம் போய்ச் சேரத்தானா? இல்லை, அதன் உச்சியில் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசையினாலா? நான்கு மாதமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் சரியாகப் படுகிறது, மறுநாள் மற்றது.

சுண்ணாம்புக்குளத்தை அடுத்த ஏரிக்கரையில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் ஏரியில் வலை போடுகிறவர். நான் பட்டம் வரை படித்தேன். கல்லூரியில் என்னோடு இருந்த இரண்டு பேர் இன்னும் நெருக்கம். ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர், இன்னொருத்திக்கு ஆரம்பாக்கத்தில் துணிக்கடை. ஆரம்பாக்கத்துக்கு மேற்கே, ஆந்திரப் பக்கம் இருக்கும் மலைகளுக்கு ஒரு நாள் மூவருமாகப் போவோம் என்று கல்லூரிக் காலத்திலேயே பேசி வைத்திருந்தோம். டீச்சர் உடன் வேலை செய்பவர்களோடு இரண்டாவது மலை வரை போய்வந்திருக்கிறாள். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தாள்.

அது எங்களுக்குப் பாடு நாள். ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்களில் வலை போட ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வரும், அதைத்தான் பாடு என்போம். முறை வந்த நாளில் ஆண்பிள்ளை வீட்டில் இருக்க மாட்டான். அதனால் ஒன்றரை வயதுப் பிள்ளையை மாமியார் ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு போகலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நீ போய்ட்டு வாம்மா. நாலு பிள்ள பெத்தவ நான். ஒரு நாளு இத்த வெச்சிக்க மாட்டேனா?" என்றார் மாமியார்.

கிளம்பும்போது பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். லேசாகச் சூடு இருந்தது. தூங்கி எழுந்த சூடு என்று நினைத்துக்கொண்டேன். பால் கொடுத்தேன். மூன்று மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

அடிவாரத்தில் இரண்டு ஸ்கூட்டரையும் ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தினோம். முதல் மலைக்கு வழி, காய்ந்த ஓடையின் பாறைகள் மேல். தட்டையான ஊரில் பிறந்தவள் நான், சேற்றில் நாள் முழுக்க நடப்பேன். இந்த ஏற்றம் அரை மணியில் தொடையைப் பிடித்துவிட்டது. துணிக்கடைக்காரி ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்தாள்.

"ஏய், எந்திரிடி. இதுக்கே குந்திட்டியா?" என்றாள் டீச்சர்.

"நீ போ. நான் இங்கயே ஒரு கடை போட்டுக்கறேன்."

முதல் உச்சியைத் தாண்டி, ஆள் உயரப் புல்லுக்குள் இறங்கி, மறுபடி ஏறி இரண்டாவது உச்சிக்கு வந்தபோது மணி பதினொன்று. மார்பு கட்டி வலித்தது, சுடிதார் நனைந்திருந்தது. துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டேன். மற்ற இருவரும் தள்ளிப் போய் நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது போன் அடித்தது.

மாமியார். "கொயந்தைக்கு ஒடம்பு அனலா கொதிக்குதும்மா. நீ எங்க கீற? மருந்து எது குடுக்கறது, செவப்பு பாட்டிலா இல்ல..."

அதோடு கட் ஆகிவிட்டது. திரும்ப அடித்தேன், டவர் இல்லை. பாறை மேல் ஏறி நின்று கையைத் தூக்கிப் பார்த்தேன். இல்லை.

"யாருடி? இன்னாவாம்?" என்றாள் துணிக்கடைக்காரி.

"அத்தை. பாப்பா பாலுக்கு அழுவுதாம். சீக்கிரம் எறங்கணும்" என்றேன்.

காய்ச்சல் என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. அவர்கள் பயந்துவிடுவார்கள் என்று மறைத்தேனா, நாள் கெட்டுவிடும் என்றா, தெரியவில்லை.

"வந்த வழியில எறங்கினா மூணு மணி நேரம் ஆவும்" என்றாள் டீச்சர்.

அப்போதுதான் மூன்றாவது மலையைக் காட்டினேன். இரண்டாவதின் விளிம்புக்கு அப்பால் அதன் தலை மட்டும் தெரிந்தது. எங்கள் ஏரியிலிருந்து பார்த்தால் மேற்கே மூன்று குன்றுகள் நிற்கும். நடுவில் இருப்பதும் கடைசியும் தோளோடு தோள் ஒட்டியிருக்கும். ஏரிக்கு நடுவில் வலை போடுகிறவர்கள் அந்த மூன்றாம் குன்றைக் கரையிலுள்ள பனைகளோடு நேர் வைத்துத்தான் இடம் பிடிப்பார்கள். "மூணாங்குன்னு பனைமேல ஏறுச்சு" என்று என் வீட்டுக்காரர் சொன்னால், படகு வலை போடும் இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து தினமும் கேட்ட பேச்சு. அந்தக் குன்றின் தெற்குச் சரிவு ரோடு வரை இறங்குவதும் ஏரியிலிருந்து தெரியும்.

"அது இதோட ஒட்டித்தான் இருக்கு. அரை மணில அங்க போய்டலாம். அதுல எறங்குனா நேரா ரோடு" என்றேன்.

"நீ எப்ப வந்த இங்க?"

"வந்ததில்ல. எங்க வீட்டுக்காரர் தெனம் பாக்கற மலை."

"மீன் புடிக்கற மலையா? செரி, நட. வலை போட்டு எங்களையும் இழுத்துக்கினு போ" என்றாள் துணிக்கடைக்காரி.

இருவரும் என்னை நம்பி வந்தார்கள். விளிம்புக்குப் போய்ப் பார்த்தோம். கீழே பெரிய பள்ளம், அதில் அடர்ந்த காடு. அதற்கு அப்பால், ஏரியிலிருந்து ஒரு நாளும் என் கண்ணில் படாத இன்னொரு மலை. அதற்கும் பின்னால்தான் மூன்றாம் குன்று. தூரத்தில் முன்னும் பின்னுமாக நிற்பவை தண்ணீரிலிருந்து பார்க்கும்போது ஒட்டித் தெரிந்திருக்கின்றன. வலை போட அது போதும், நடக்கப் போதாது.

அங்கே திரும்பியிருக்கலாம். டீச்சர் அதைத்தான் சொன்னாள். "போதும்டி, திரும்பிடலாம்."

"இவ்ளோ தூரம் வந்துட்டோம். இன்னும் கொஞ்சம்தான்" என்றேன். அதைச் சொன்னது நான்தான்.

பள்ளத்தில் இறங்க ஒரு மணி நேரம், பெயர் தெரியாத மலையில் ஏறி இறங்க அதற்கு மேல். முள் கிழித்துக் கையெல்லாம் ரத்தக்கோடு. ஒவ்வொரு மேட்டிலும் போனை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் குன்றின் உச்சிக்கு வந்தபோது மணி இரண்டு தாண்டியிருந்தது.

அங்கே கிழக்கே ஏரி தெரிந்தது. தகரத் தகடு போல, அவ்வளவு ஒல்லியாக. அதற்கு அப்பால் ஒரு கோடு மணல், பிறகு கடல். நாங்கள் வாழ்கிற இடம் முழுக்க என் விரலுக்குள் அடங்கியது. காற்று வேர்வையைக் காயவைத்தது. சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஒரு நிமிடமோ இரண்டோ, பாப்பாவின் ஞாபகமே எனக்கு இல்லை. என் கேள்வி அங்கேதான் முளைத்தது.

தெற்குச் சரிவு செங்குத்து. பாதி தூரம் உட்கார்ந்தே இறங்கினோம். துணிக்கடைக்காரி சறுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். ரோட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது.

"வண்டி ரெண்டும் புளிய மரத்தடியில இருக்கு. நாம இங்க நிக்கறோம். உங்க வீட்டுக்காரர் மலை வண்டிய கொண்டாந்து குடுக்குமா?"

யாரும் சிரிக்கவில்லை. வண்டிகளைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று ஷேர் ஆட்டோவில் ஏறினோம். அதில் போனபோது போனுக்கு டவர் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா அழைத்ததற்கான செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. திரும்ப அடித்தேன். பகல் ஒரு மணிக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்திருக்கிறது. அவர்தான் ஆட்டோ பிடித்து, மாமியாரோடு பிள்ளையை ஆரம்பாக்கம் டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறார். "இப்போ நல்லா கீறா, தூங்கறா, நீ பதறாத" என்றார்.

டாக்டரிடம் ஓடினேன். பிள்ளை மாமியார் மடியில் கிடந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவர் அழுதுவிட்டார்.

"ஒரு தபா அடிச்சேம்மா, கட் ஆய்ட்ச்சி. நான் பேசினது உனக்கு கேட்டிருக்காது. இன்னொரு தபா அடிச்சிருக்கணும். கொயந்த கத்திச்சி, வுட்டுட்டேன்."

"ஒண்ணும் கேக்கல அத்தை. டவரே இல்ல" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு திருத்தவும் இல்லை.

சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஏறினால் இப்படி வரும், யார் பக்கத்தில் இருந்தாலும் வந்திருக்கும் என்றார் டாக்டர். அதன் பிறகு ஒரு முறை காய்ச்சல் வந்தது, வலிப்பு வரவில்லை. பாப்பா நன்றாக இருக்கிறாள், வாசலில் அப்பாவின் படகைப் பார்த்து "நைனா, நைனா" என்று கத்துகிறாள்.

மாமியார்தான் சரியாகவில்லை. அன்று இரவே என் வீட்டுக்காரர் அவரைக் கேட்டார்: "இன்னொரு போன் போட முடியல உனக்கு? அவ வந்திருப்பா இல்ல?" அவர் எழுந்து போய்ப் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், போனில் கேட்டதை அப்போதும் சொல்லவில்லை. நாலு பிள்ளை பெற்றவர், இப்போது பாப்பாவோடு தனியாக இருக்கப் பயப்படுகிறார். நான் குழாயடிக்குப் போனாலும், "ஒடம்பு சுடுதா பாரும்மா" என்று பின்னாலேயே தூக்கிக்கொண்டு வருகிறார். தெருவில் யார் கேட்டாலும், "என் தப்புதான், நான் சரியா போன் பண்ணல" என்கிறார்.

போன வாரம் டீச்சர் கூப்பிட்டாள், இன்னொரு மலைக்கு. முட்டி ஆறிவிட்டதாம் மற்றவளுக்கு. வரவில்லை என்று சொன்னேன். போக ஆசையாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

உண்மையைச் சொன்னால் மாமியாரின் பாரம் இறங்கும். ஆனால் அவரும் என் வீட்டுக்காரரும் இனி என்னை எப்படிப் பார்ப்பார்கள்? காய்ச்சல் என்று தெரிந்தும் ஏறினாயா என்று கேட்டால், எதற்காக ஏறினேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் கிடைத்த பிறகு சொல்லலாம் என்று காத்திருப்பதும் ஒரு சாக்குத்தானோ? இதைப் படிக்கிறவர்களில் மாமியார்கள் இருப்பீர்கள், என்னைப் போன்ற மருமகள்களும் இருப்பீர்கள். நான்கு மாதம் கழித்து இதை வீட்டில் எப்படி ஆரம்பிப்பது, முதலில் யாரிடம் சொல்வது? உங்களுக்குத் தோன்றுவதை எனக்குச் சொல்லுங்கள்.